பாயிரம் எழுதப்படாத ஒரு வழிநூல்

நன்னூலார் நூல்களை மூன்று வகையாகப் பகுக்கிறார்: முதல்நூல், வழிநூல், சார்புநூல். முன்னோர் நூலின் பொருளை உட்கொண்டு, பின்வந்தவன் தன் நோக்கிற்கேற்ற வேறுபாடுகளையும் சேர்த்துச் செய்வது வழிநூல். அதை இரவல் என்று நம் மரபு இழித்ததில்லை. ஆனால் ஒரு கடப்பாட்டை விதித்தது. நூலின் முகப்பில் நிற்கும் சிறப்புப்பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்றது. ஆக்கியவன் பெயர் அதில் முதலாவது. நூல் எவ்வழி வந்தது என்பது இரண்டாவது. நூலின் பெயருக்கு நான்காவது இடமே கிடைத்தது.

இந்த வரிசையை மனதில் இருத்திக்கொண்டு, இலக்கியத்தோடு சற்றும் தொடர்பற்றதாகத் தோன்றும் ஒரு பொருளின் வரலாற்றைப் பார்க்கலாம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு மின்சுற்றுப் பலகை அது. பெயர் ஆர்டுயினோ. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், படியெடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்று வரைபடத்தோடு உலகுக்குக் கொடுக்கப்பட்ட பலகை. 'திறமூல வன்பொருள்' என்ற சொற்றொடர் பரவலானதற்கு அதுவே பெருங்காரணம் எனலாம். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டவர்கள் எதற்காகச் சண்டையிட்டார்கள் என்பதுதான் இக்கதையில் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கும் இடம்.

*

முதலில் பொருள் என்னவென்று பார்த்துவிடுவோம். நம் வீட்டுச் சலவை இயந்திரத்திலும் மைக்ரோவேவ் அடுப்பிலும் ஒரு சிறு கணினி இருக்கிறது. திரையில்லை, விசைப்பலகையில்லை. கணிக்கும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு பேசும் கம்பிக் கால்கள் எல்லாம் ஒரே சில்லில் அடங்கியிருக்கும். இதற்கு மைக்ரோகண்ட்ரோலர் என்று பெயர். நுண்கட்டுப்படுத்தி என்று தமிழில் சொல்கிறார்கள். ஒரு காலில் வெப்பமானியை இணைத்தால் சூட்டை அறியும். இன்னொரு காலில் மோட்டாரை இணைத்தால் சுழற்றும். இடையில் என்ன செய்யவேண்டும் என்பதை நாம் எழுதும் நிரல் சொல்லும்.

சில்லு மலிவானதுதான். அதை இயக்குவதற்கான அறிவு மலிவாகக் கிடைத்ததில்லை. சில்லில் நிரலை ஏற்றத் தனியாக ஒரு கருவி வேண்டியிருந்தது. உற்பத்தியாளரின் நூற்றுக்கணக்கான பக்கக் கையேட்டைப் படித்து, எந்தப் பதிவகத்தின் எந்த பிட்டை மாற்றினால் எந்தக் காலில் மின்சாரம் பாயும் என்று அறிந்தாக வேண்டும். மின்னணுப் பொறியாளருக்கு இது அன்றாட வேலை. ஓர் ஓவியருக்கோ, நாடகத்துக்கு ஒளியமைப்பவருக்கோ, பள்ளி மாணவிக்கோ அது கடக்கமுடியாத மதில். ஆர்டுயினோவின் கதை அந்த மதிலில் வாசல் திறந்த கதை. வாசலைத் திறந்தது யார் என்பது பிறகு வழக்கானது.

*

இத்தாலியின் வடமேற்கில், டூரினுக்கு வடக்கே, டோரா பால்டெயா ஆற்றின் கரையில் இருக்கிறது இவ்ரேயா என்னும் சிறுநகரம். 1908இல் கமில்லோ ஒலிவெட்டி அங்கே தட்டச்சு இயந்திரத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அவருடைய மகன் அட்ரியானோவின் காலத்தில் அது வெறும் தொழிற்சாலையாக இல்லை. தொழிலாளர்களுக்கு நூலகம், குழந்தைகளுக்குக் காப்பகம், நல்ல கட்டடக் கலைஞர்கள் வரைந்த குடியிருப்புகள் என்று ஒரு நகரமே அதைச் சுற்றி உருவாயிற்று. இலக்கிய வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு: கவிஞர் ஃப்ராங்கோ ஃபோர்ட்டினியும் நாவலாசிரியர் பாவ்லோ வோல்போனியும் ஒலிவெட்டியில் வேலை பார்த்தவர்கள். இயந்திரம் செய்கிறவனுக்கு மொழி தெரிந்தவன் அருகில் இருக்கவேண்டும் என்று அட்ரியானோ நினைத்திருக்க வேண்டும்.

அட்ரியானோ 1960இல் இறந்தார். 1965இல் பியெர் ஜார்ஜோ பெரோட்டோவின் சிறு குழு 'ப்ரோக்ராமா 101' என்ற மேசைக் கணிப்பொறியை வெளியிட்டது. வல்லுநரின் துணையின்றி ஒரு சாதாரண அலுவலர் தன் மேசையிலேயே நிரல் எழுதி இயக்கக்கூடிய இயந்திரம். தனிமேசைக் கணினியின் முன்னோடி என்று பலர் இதையே சொல்வார்கள். பின்னர் ஒலிவெட்டியின் புகழ் மங்கியது, தொழிற்சாலைகள் ஓய்ந்தன. 2018இல் யுனெஸ்கோ அந்நகரை இருபதாம் நூற்றாண்டின் தொழில் நகரம் என்று உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒரு தொழில் முடிந்துவிட்டது என்பதற்கு இதைவிட மரியாதையான அறிவிப்பு இருக்க முடியாது.

அந்த மங்கிய நாட்களில்தான், 2001இல், டெலிகாம் இத்தாலியாவும் ஒலிவெட்டியும் சேர்ந்து இவ்ரேயாவில் ஒரு வடிவமைப்புக் கல்விக்கூடத்தை நிறுவின. மனிதரும் மின்னணுக் கருவிகளும் எவ்வாறு உறவாடுகிறார்கள் என்பதே அங்கு பாடம். மாணவர்களில் பலர் கலை, வடிவமைப்புத் துறைகளிலிருந்து வந்தவர்கள். தாங்கள் கற்பனை செய்த பொருளைக் காகிதத்தில் வரைந்தால் போதாது, அதை இயங்கவைத்துக் காட்ட வேண்டும். அப்போது கையிலிருந்த கருவி கலிபோர்னியாவின் பேரலாக்ஸ் நிறுவனம் 1992இல் வெளியிட்ட 'பேசிக் ஸ்டாம்ப்'. எளிமையானதுதான். ஆனால் துணைப் பலகையும் சேர்த்தால் விலை 50 டாலரைத் தாண்டும், ஆற்றலும் குறைவு. ஆசிரியர் மாஸ்ஸிமோ பான்ஸி மாற்று தேடி, 2003இல் 'ப்ரோக்ராமா 2003' என்ற பலகையைச் செய்தார். ஒலிவெட்டியின் பழைய இயந்திரத்தை நினைவூட்டும் அப்பெயரிலேயே ஊரின் வாசனை இருக்கிறது.

*

இங்கே கதை சற்று நேரம் அட்லாண்டிக் கடலைத் தாண்ட வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் ஜான் மாயெடா என்ற பேராசிரியர், ஓவியம் வரைகிறவர்களுக்கு நிரலெழுதக் கற்றுக்கொடுக்க ஒரு சிறு மொழியைச் செய்தார். அது 1999இல் நூலாகவும் வந்தது. அவருடைய மாணவர்களான கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் அதே எண்ணத்தை விரித்து, 2001இல் 'ப்ராசெஸிங்' என்ற திறமூல மென்பொருளைத் தொடங்கினர். ஒரு வரி எழுதினால் திரையில் ஒரு கோடு தோன்றும். நான்கு வரி எழுதினால் அது அசையும். கற்பவர் முதல் சில நிமிடங்களிலேயே ஒரு விளைவைக் கண்ணால் காண வேண்டும் என்பது அதன் கொள்கை. ரியாஸ் பின்னர் இவ்ரேயாவுக்குக் கற்பிக்க வந்தார்.

அவரிடமும் பான்ஸியிடமும் கற்ற கொலம்பிய மாணவர் எர்னாந்தோ பர்ரகான். ப்ராசெஸிங் திரைக்குச் செய்ததை மின்சுற்றுக்குச் செய்ய முடியுமா என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. 2003இல் தொடங்கி 2004இல் முதுகலை ஆய்வேடாக அவர் அளித்த விடைக்கு 'வயரிங்' என்று பெயர். அதில் மூன்று கூறுகள் இருந்தன: ஒரு பலகை, ப்ராசெஸிங்கின் முகப்பையே தழுவிய, நிரலெழுதும் சாளரம், எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சிறிய சொற்களஞ்சியம்.

அந்தச் சொற்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பதிவகங்களும் பிட்களும் நிறைந்த காட்டை மறைத்துவிட்டு, ஒருவர் சொல்ல விரும்புவதை மட்டும் சொல்லும் சொற்கள் அவை. 'பின்மோட்' என்றால் இந்தக் கால் கேட்குமா, பேசுமா என்று தீர்மானிப்பது. 'டிஜிட்டல்ரைட்' என்றால் அந்தக் காலில் மின்னழுத்தத்தை ஏற்றுவது அல்லது இறக்குவது. 'அனலாக்ரீட்' என்றால் வெளியிலிருந்து வரும் ஏற்றத்தாழ்வை எண்ணாக வாசிப்பது. 'டிலே' என்றால் காத்திருப்பது. ப்ராசெஸிங்கில் 'செட்அப்', 'ட்ரா' என்று இரு பகுதிகள் உண்டு: ஒருமுறை ஆயத்தம் செய், பிறகு ஓயாமல் வரைந்துகொண்டிரு. வயரிங்கில் இரண்டாவதன் பெயர் 'லூப்'. வரைவதற்கு இங்கே திரை இல்லையல்லவா? விளக்கை ஏற்று, ஒரு நொடி பொறு, அணை, ஒரு நொடி பொறு, மீண்டும் முதலிலிருந்து. இந்த நான்கு வரிகள்தாம் பின்னாளில் எண்ணற்ற மாணவர்களின் முதல் பாடமாயின.

*

2005. பான்ஸி, ஸ்வீடனின் மால்மோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஸ்பானியர் டேவிட் குவார்ட்டியெல்லஸ், கல்விக்கூட மாணவர் டேவிட் மெல்லிஸ் ஆகியோர் வயரிங்கை இன்னும் மலிவான ஒரு சில்லில் இயங்கும்படி செய்தனர். அச்சில்லுக்கு ஏடிமெகா8 என்று பெயர். நார்வேயின் ட்ரோண்ட்ஹைமில் ஆல்ஃப்-எகில் போகன், வேகார்ட் வொல்லன் என்ற இரு மாணவர்கள் உருவாக்கிய வடிவமைப்பிலிருந்து ஆட்மெல் நிறுவனம் வளர்த்த குடும்பத்தைச் சேர்ந்தது. நிரலுக்கு அதில் இருந்த இடம் 8 கிலோபைட். யூனிகோடில் எழுதப்படும் இக்கட்டுரையின் கால்பங்குகூட அதில் அடங்காது. அந்த ஒடுங்கிய இடத்தில்தான் பிறகு கலைப்படைப்புகளும் ரோபோக்களும் குடியேறின.

வயரிங்கின் மென்பொருளைக் கிளைபிரித்து அவர்கள் தனித் திட்டமாக நடத்தத் தொடங்கினர். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டாம் ஐகோவும், பலகைகளை உற்பத்தி செய்த பொறியாளர் ஜான்லூக்கா மார்ட்டினோவும் சேர்ந்து ஐவராயினர். பெயர் வேண்டியிருந்தது. பான்ஸி வழக்கமாகச் செல்லும் மதுக்கடை ஒன்று இவ்ரேயாவில் இருந்தது. அரசன் ஆர்டுயினின் பெயர் தாங்கியது. 1002இல் இத்தாலியின் அரசனாக முடிசூடி, இரண்டே ஆண்டுகளில் ஜெர்மானிய மன்னன் இரண்டாம் ஹென்றியிடம் பிடி தளர்ந்து, இறுதியில் மடாலயத்தில் அடைக்கலம் புகுந்து 1015இல் இறந்தவன் அவன். அவன் பெயர் கடைக்கு வந்தது; கடையின் பெயர் பலகைக்கு வந்தது.

விலை ஏறக்குறைய 30 டாலர் என்று வைத்தார்கள். அதோடு நின்றிருந்தால் அது இன்னொரு மலிவான பண்டமாகப் போயிருக்கும். அப்போது கல்விக்கூடம் மூடப்படும் நிலையில் இருந்தது, பணம் தீர்ந்துகொண்டிருந்தது. நிறுவனம் போனால் அங்கு செய்தவையெல்லாம் யாருடைய அலமாரியிலோ முடங்கும், அல்லது யாருடைய உடைமையாகவோ ஆகும் என்ற அச்சம் இருந்தது. எனவே வரைபடங்களைப் பொதுவில் வைத்தனர். யாரும் செய்யலாம், விற்கலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும், மாற்றியதையும் அதே நிபந்தனையில் பிறருக்குத் தர வேண்டும் என்பதே உரிமத்தின் சாரம். ஏட்டுச்சுவடிகளின் வரலாறு அறிந்தவர்களுக்கு இந்தத் தர்க்கம் புதியதன்று. ஒரே ஏட்டில் இருக்கும் நூல் கறையானுக்கு இரையாகும். ஊருக்கொரு படி இருந்தால் ஏதேனும் ஒன்று தப்பும். அவர்கள் கொடுத்தது கொடை மட்டுமன்று, பாதுகாப்பு ஏற்பாடும்கூட.

*

படிகள் பெருகின. 2007இல் லியா பியூக்லி துணியில் தைத்துக்கொள்ளும் வடிவத்தைச் செய்தார். மின்கடத்தும் நூலே அதன் கம்பி. தன்னைத்தானே அச்சிட்டுக்கொள்ளும் முப்பரிமாண அச்சுப்பொறியை இலக்காகக் கொண்ட ரெப்ராப் இயக்கத்தில், பல பொறிகளின் மூளையாக ஆர்டுயினோ குடும்பத்தின் பெரிய பலகையே அமர்ந்தது. 2010இல் வந்த 'ஊனோ' பள்ளிகளின் பொதுச்சொத்து போல் ஆயிற்று. சீனத் தொழிற்கூடங்கள் மூலப்பலகையின் விலையில் சிறு பங்குக்குப் படிகளைச் செய்து குவித்தன. உரிமம் அதை அனுமதிக்கிறது. ஆகவே களவு என்று சொல்வதற்கில்லை.

இந்தப் படியெடுத்தலில் ஒரு சுவையான செய்தி உண்டு. பலகையின் விளிம்பில் கம்பி செருகும் துளைகள் வரிசையாக இருக்கும். துளைக்குத் துளை அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது மின்னணு உலகின் பொது அளவு. ஆனால் ஆர்டுயினோவில் 7ஆம் துளைக்கும் 8ஆம் துளைக்கும் இடையே மட்டும் 0.16 அங்குலம் இருக்கும். வரைந்தபோது அவசரத்தில் நேர்ந்த பிழை. கண்டுபிடிப்பதற்குள் அந்த இடைவெளிக்கேற்ப மேற்பலகைகள் பல செய்யப்பட்டுவிட்டன. இனித் திருத்தினால் அவை எல்லாம் பொருந்தாமல் போகும். எனவே ஊனோவிலும் அதன் எண்ணற்ற படிகளிலும் அப்பிழை அப்படியே இருக்கிறது.

சுவடிப் பதிப்பாளர்கள் இதைக் கேட்டால் புன்னகைப்பார்கள். இரண்டு ஏடுகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று நிறுவுவதற்குச் சரியான பாடங்கள் உதவுவதில்லை. சரியானதை யாரும் தனித்தனியே எழுதியிருக்கலாம். ஒரே பிழை இரண்டிலும் இருந்தால்தான் உறவு உறுதிப்படும். ஊனோவின் வடிவைப் பின்பற்றும் வழித்தோன்றல்கள் இந்தப் பிழையைப் பிறப்படையாளமாகச் சுமக்கின்றன. பாயிரத்தில் சொல்லத் தவறினாலும் துளை சொல்லிவிடும்.

*

பலகையின் வரைபடம் பொது, மென்பொருள் பொது. மிஞ்சியது பெயர் ஒன்றுதான். அது மட்டும் வணிகக்குறியாகக் காக்கப்பட்டது. படியெடுத்தவர்கள் பெயரின் வாலைமட்டும் எடுத்துக்கொண்டு ஃப்ரீடுயினோ, சீடுயினோ, போர்டுயினோ என்று சூட்டிக்கொண்டதன் காரணம் இதுவே. எல்லாம் இலவசமாகிவிட்ட இடத்தில், விலை இருந்தது பெயருக்கு மட்டுமே. ஆகவே சண்டையும் அதன் பொருட்டே வந்தது.

ஐவரும் 2008இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். அதே ஆண்டின் இறுதியில் மார்ட்டினோவின் உற்பத்தி நிறுவனம் இத்தாலியில் அப்பெயரைத் தன்பேரில் பதிவு செய்தது. சில ஆண்டுகள் பேச்சுவார்த்தை உள்ளுக்குள்ளேயே நடந்தது. 2014இல் இத்தாலிய நிறுவனம் தன்னையே ஆர்டுயினோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2015 தொடக்கத்தில் வழக்கு மாசசூசெட்ஸ் நீதிமன்றத்துக்குச் சென்றது. பான்ஸியின் தரப்பு அமெரிக்காவுக்கு வெளியே 'ஜெனுயினோ' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. அசல் என்ற பொருள்படும் பெயர்! தான் அசல் என்று பெயரிலேயே சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை ஓர் அசலுக்கு வந்ததில் உள்ள அங்கதத்தை விளக்கத் தேவையில்லை. 2016 அக்டோபரில் நியூயார்க்கில் இரு தரப்பும் இணைவதாக அறிவித்தன.

அதே 2016இல் மூன்றாவது குரல் ஒன்று கேட்டது. அந்த வழக்கில் கட்சிக்காரராகவே இல்லாத குரல். பர்ரகான் ஆர்டுயினோவின் சொல்லப்படாத வரலாறு என்று நீண்ட கட்டுரையொன்றைத் தன் ஆய்வேட்டின் ஆவணங்களோடு இணையத்தில் வெளியிட்டார். தொனி அடக்கமானது, செய்தி கூர்மையானது. வயரிங் ஏற்கனவே எளியோருக்கான திறமூலத் திட்டமாகத்தான் இருந்தது. அதைக் கிளைபிரித்துத் தனித்திட்டமாக்கத் தேவை இருக்கவில்லை. தன்னை அழைத்திருந்தால் மகிழ்வோடு உழைத்திருப்பேன். தன் ஆய்வின் வழிகாட்டியாக இருந்தவரே அத்திட்டத்தின் முகமானார் என்பது அதன் சாரம்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வயரிங் பலகை விலை கூடியது, மாணவர் கைக்கு எட்டும் விலையில் இன்னொன்று தேவைப்பட்டது என்பது பான்ஸி தரப்பின் விளக்கம். ஆர்டுயினோவின் தளத்தில் வயரிங்கும் ப்ராசெஸிங்கும் நன்றியோடு குறிப்பிடப்பட்டே இருந்தன. உரிமத்தின்படி எந்தத் தவறும் நிகழவில்லை. விலை குறைத்தது, உற்பத்தியை ஒழுங்குபடுத்தியது, பாடக்குறிப்புகள் எழுதியது, ஊர் ஊராகப் பயிலரங்கு நடத்தியது ஆகியவை சிறிய உழைப்பும் அல்ல. நல்ல மூலம் மட்டுமே பரவிவிடும் என்பதற்கு வரலாற்றில் ஆதாரம் குறைவு. சுமந்து செல்பவர் வேண்டும்.

ஆனால் உரிமம் கேட்கும் 'மூலத்தைக் குறிப்பிடு' என்பது ஒரு பக்கத்தின் அடியில் இடும் வரியோடு நிறைவேறிவிடுகிறது. பாயிரம் கேட்பது அதைவிட அதிகம். அது வழியை நூற்பெயருக்கு முன்னால் வைக்கச் சொல்கிறது. ஆர்டுயினோவைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிய கதைகளில் மதுக்கடை தவறாமல் வந்தது, ஆயிரமாண்டுக்கு முந்தைய அரசன் வந்தான், ஐந்து நிறுவனர்கள் வந்தனர். ஆய்வேடு எழுதிய மாணவர் பெரும்பாலும் ஒரு துணைவாக்கியமாகவே வந்தார். பல கதைகளில் அதுவும் இல்லை. சட்டத்தால் தீர்க்கமுடியாத அநீதிகளில் இதுவும் ஒன்று என்றே தோன்றுகிறது. இங்கே யாரும் எதையும் திருடவில்லை. கதை சொல்பவர்கள் ஒரு கண்ணியை விட்டுவிட்டார்கள், அவ்வளவே. ஒருவர் தன் இளமையின் இரண்டாண்டுகளைக் கொடுத்துச் செய்தது மறைவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்குச் சில புலவர்களின் பெயர் தெரியவில்லை. பாட்டில் இருந்த ஒரு சொற்றொடரையே எடுத்துப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயல்நீரார் என்று ஒருவரை இன்றும் அறிகிறோம். சொல் பிழைத்திருந்தால் அதைச் சொன்னவனுக்கும் ஓரிடம் வேண்டும் என்ற அறவுணர்வு அந்தத் தொகுப்பாளர்களிடம் இருந்தது. இங்கே நிலைமை தலைகீழ். சொன்னவரின் பெயர் தெரியும், ஆவணமும் இருக்கிறது. 'பின்மோட்', 'டிஜிட்டல்ரைட்' என்னும் சொற்கள் ஆர்டுயினோவையும் தாண்டி, வேறு நிறுவனங்களின் வேறு சில்லுகளிலும் இன்று வழங்குகின்றன. அவற்றை நாள்தோறும் எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு அவை ஒரு மாணவர் தன் ஆய்வேட்டில் தேர்ந்தெடுத்த சொற்கள் என்று தெரியும்?

2025 அக்டோபரில் அமெரிக்காவின் குவால்காம் நிறுவனம் ஆர்டுயினோவை வாங்கவிருப்பதாக அறிவித்தது. திறமூல உலகில் கவலைகள் எழுந்தன. அவற்றில் நியாயம் உண்டு. ஆயினும் 2005இலிருந்து பொதுவில் வைக்கப்பட்ட வரைபடங்களும் நிரல்களும் ஆயிரமாயிரம் படிகளாகப் பரவிக் கிடக்கின்றன. அந்த வகையில் கல்விக்கூடம் மூடும் வேளையில் செய்த பாதுகாப்பு ஏற்பாடு தன் வேலையைச் செய்திருக்கிறது. விலைக்குப் போகக்கூடியவற்றில் முதன்மையானது பெயர்தான்.

விலைக்குப் போகாதது வழி. அதை எழுத யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. மாயெடா வகுப்பறையில் தொடங்கினார். ரியாஸும் ஃப்ரையும் விரித்தனர். ட்ரோண்ட்ஹைமில் இருவர் சில்லின் வடிவைச் செய்தனர். பர்ரகான் சொற்களைக் கொடுத்தார். பான்ஸி, குவார்ட்டியெல்லஸ், மெல்லிஸ், ஐகோ, மார்ட்டினோ ஐவரும் அதை எளியோர் கைக்குக் கொண்டு சேர்த்தனர். நூற்பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.